மாட்டையும் ஏரையும் பிரித்த செட்ஸி ஈ

நிலம் இருக்கிறது; மழையும் பெய்கிறது; புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. ஆனால் அதை மேய மாடு இல்லை. ஏரில் பூட்ட எருது இல்லை. இப்படி ஒரு பூமியை நம் ஊர் விவசாயி எண்ணிப் பார்ப்பது கடினம். ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்திற்குத் தெற்கே பெரும் பரப்பு இவ்வாறுதான் பல தலைமுறைகளாகக் கிடந்தது. அங்குள்ள குடியானவர் மண்வெட்டி ஒன்றையே நம்பிப் பயிர் செய்தார். நிலத்திற்குச் சாண எரு இல்லை. குழந்தைக்குப் பால் இல்லை. விளைந்ததைச் சந்தைக்கு இழுக்க வண்டி மாடு இல்லை. இத்தனைக்கும் காரணம் நம் வீட்டு ஈயைவிடச் சற்றே பெரிய ஓர் ஈ. அதன் பெயர் செட்ஸி.

ஆப்பிரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோ மீட்டர் பரப்பில் இந்த ஈ பரவியுள்ளது. இது இந்தியாவைப் போல் மூன்று மடங்கு பரப்பாகும். ஈ பரப்பும் நோயால் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் மாடுகள் மடிகின்றன என்பது ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த ஈயை வெல்ல நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சியில், பூச்சிகளோடு போராடும் எந்த நாட்டு விவசாயிக்கும் பயன் தரும் பாடம் உண்டு.

நோயும் ஒட்டுண்ணியும்

செட்ஸி ஈ கடித்த மாத்திரத்தில் மாடு சாவதில்லை. ஈயின் உமிழ்நீரோடு மாட்டின் உடலில் இறங்கும் ஒட்டுண்ணிதான் கேடு விளைவிக்கிறது. ஒரே உயிரணுவால் ஆன இந்த நுண்ணுயிருக்கு 'டிரிப்பனோசோமா' என்று பெயர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இரத்தச் சிவப்பணுக்களுக்கு இடையே விலாங்கு மீன் போல் நெளிந்து நீந்துவது தெரியும்.

மாடுகளுக்கு இது உண்டாக்கும் நோய் 'நகானா' எனப்படுகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வரும். மயிர் சிலிர்த்து நிற்கும். கண்ணில் நீர் வடியும். இரத்தசோகை முற்றும். தீனி தின்றாலும் மாடு நாளுக்கு நாள் மெலியும். சினை மாடு கன்றை வீசிவிடும், கறவை வற்றும். உழவு மாடு நாலு சால் ஓட்டுவதற்குள் படுத்துவிடும். சில வாரங்களிலோ பல மாதங்களிலோ இறக்கும்.

இதே ஒட்டுண்ணியின் இரண்டு வகைகள் மனிதருக்குத் 'தூக்க நோய்' உண்டாக்குகின்றன. முதலில் காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி. பிறகு ஒட்டுண்ணி மூளைக்குச் சென்றதும் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் தடுமாற்றம், புத்தி மாறாட்டம். மருத்துவம் செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணமே முடிவு. 1900-க்கும் 1920-க்கும் இடையில் உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரைப் பகுதிகளில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் மக்கள் இந்நோய்க்குப் பலியாயினர். கரையோரக் கிராமங்களைக் காலி செய்து மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது.

வெக்கை நோய்க்குத் தடுப்பூசி கண்டது போல் இதற்கும் காணலாமே என்ற கேள்வி எழும். இங்கேதான் ஒட்டுண்ணியின் தந்திரம் இருக்கிறது. அதன் உடலைச் சுற்றிப் புரதத்தால் ஆன ஒரு சட்டை உள்ளது. மாட்டின் உடல் அந்தச் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். அதற்குள் ஒட்டுண்ணிகளில் சில வேறு சட்டை மாற்றிக்கொண்டுவிடும். அடையாளம் தெரிந்தவை அழியும். சட்டை மாற்றியவை பெருகும். காய்ச்சல் விட்டு விட்டு வருவதன் காரணம் இதுவே. இப்படி மாற்றி மாற்றி அணிய நூற்றுக்கணக்கான சட்டைகள் அதனிடம் உள்ளன. ஆகையால் இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை. சில மருந்துகள் உண்டு. ஆனால் ஒரே மருந்தைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியதால் பல இடங்களில் அவற்றுக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் தோன்றிவிட்டன. எனவே நோயைத் தடுக்க ஈயைக் கட்டுப்படுத்துவது இன்றியமையாததாகிறது.

ஈதான் காரணம் என்று கண்ட கதை

இந்தக் கதையின் தொடக்கம் ஆப்பிரிக்காவில் இல்லை. அன்றைய இந்தியாவில் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டு, அப்போது பஞ்சாப் மாகாணத்திலும் இப்போது பாகிஸ்தானிலும் உள்ள தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரில் குதிரைகளும் ஒட்டகங்களும் 'சர்ரா' என்ற நோயால் மடிந்தன. ராணுவக் கால்நடை மருத்துவரான கிரிபித் எவான்ஸ் அவற்றின் இரத்தத்தைச் சோதித்து, நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார். அதுவே நோய்க்குக் காரணம் என்று அவர் சொன்னதை அக்காலத்து அறிஞர் பலர் உடனே ஏற்கவில்லை. பாலூட்டிகளுக்கு நோய் தரும் டிரிப்பனோசோமா கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1894-இல் ராணுவ டாக்டரான டேவிட் புரூஸ் தென் ஆப்பிரிக்காவின் சூலுலாந்துப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். நகானா நோயை ஆராய்வது அவருக்கு இடப்பட்ட வேலை. அவர் மனைவி மேரி ஆராய்ச்சியில் உடன் உழைத்தார். அங்குள்ள சூலு மக்கள், 'காட்டு விலங்குகள் நடமாடும் இடத்தில் மேய்ந்தால் மாட்டுக்கு நோய் வரும்' என்றனர். வெள்ளைக்கார வேட்டைக்காரர்களோ, 'ஈயின் விஷமே காரணம்' என்றனர்.

புரூஸ் தங்கியிருந்த உபோம்போ என்ற இடம் ஈ இல்லாத மேட்டுப்பகுதி. அவர் நலமான பிராணிகளைக் கீழே ஈ உள்ள பள்ளத்தாக்கிற்கு அனுப்பினார். அவற்றுக்கு நோய் கண்டது. பின்பு பள்ளத்தாக்கில் பிடித்த ஈக்களை மேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்த நலமான பிராணிகளைக் கடிக்கவிட்டார்; அவற்றுக்கும் நோய் கண்டது. காட்டு விலங்குகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பதும், ஆனால் அவை நோயின்றித் திரிவதும் தெரியவந்தன. ஆக, சூலு மக்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. காட்டு விலங்கு ஒட்டுண்ணியின் சேமக்கிடங்கு; ஈ அதைச் சுமந்து வரும் வாகனம்.

1909-இல் ஜெர்மன் விஞ்ஞானி பிரீட்ரிக் கிளைன் மற்றோர் உண்மையைக் கண்டார். ஈ உறிஞ்சிய ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் பல மாற்றங்களை அடைந்து வளர்ந்த பிறகே, ஈ நோய் பரப்பும் தகுதியைப் பெறுகிறது. தூக்க நோய் ஒட்டுண்ணிக்கு இந்த வளர்ச்சி முடிய ஏறக்குறைய மூன்று வாரங்கள் வேண்டும். அதாவது இளம் ஈ கடித்தால் அபாயம் இல்லை; வயதான ஈயே அபாயம். இந்தச் சிறு உண்மை பிற்காலத்தில் பெரிய பயன் தந்தது.

ஒரே ஒரு புழு

கொசு ஒரு முறை இடும் முட்டைகள் நூறுக்கு மேல் இருக்கும். நெற்பயிரைத் தாக்கும் குருத்துப்பூச்சியும் முட்டைகளைக் குவியலாகவே இடுகிறது. செட்ஸி ஈயின் வழக்கமோ முற்றிலும் வேறு. இது முட்டை இடுவதில்லை. பசு கன்று ஈனுவது போல், ஒரு முறைக்கு ஒரே ஒரு புழுவை ஈனுகிறது. அந்தப் புழு தாயின் வயிற்றிலேயே, தாயிடம் சுரக்கும் பால் போன்ற ஒரு நீரைக் குடித்து முழு வளர்ச்சி அடைகிறது. ஈன்றவுடன் நிழலான, பொலபொலப்பான மண்ணில் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. ஏறக்குறைய 30 நாட்களில் ஈ வெளிவருகிறது.

வெளிவந்த பெண் ஈ தன் முதல் புழுவை ஈன 18 முதல் 20 நாட்கள் ஆகும். பிறகு 9 அல்லது 10 நாட்களுக்கு ஒன்று. நீடித்த ஆயுள் உள்ள ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் எட்டு அல்லது பத்துப் புழுக்களை ஈன்றால் அதிகம். அவற்றில் பாதி ஆண். பெரும்பாலும் பெண் ஈ ஒரே முறைதான் ஆணுடன் சேரும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஈனும். ஆண், பெண் இரண்டுமே இரத்தத்தைத் தவிர வேறெதையும் உண்பதில்லை.

பூச்சி இனத்தில் இவ்வளவு மெதுவாகப் பெருகும் பகை அரிது. அப்படியானால் இதை ஒழிப்பது எளிதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆனால் ஈயின் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

சுட்டும் வெட்டியும் தெளித்தும்

1890-களில் மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. மாடுகளோடு காட்டெருமை முதலிய காட்டு விலங்குகளும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. உறிஞ்ச இரத்தம் கிடைக்காமல் தென் ஆப்பிரிக்கப் பகுதிகள் சிலவற்றில் செட்ஸி ஈயும் மறைந்தது. இதைக் கண்ட அன்றைய அரசுகள், காட்டு விலங்குகளைச் சுட்டுத் தீர்த்தால் ஈ ஒழியும் என்று முடிவு செய்தன. இன்று ஜிம்பாப்வே எனப்படும் தெற்கு ரொடீஷியாவில் மட்டும் பல ஆண்டுகளில் லட்சக்கணக்கான விலங்குகள் சுடப்பட்டன. சூலுலாந்திலும் இந்த வேட்டை நடந்தது. ஈ சில இடங்களில் குறைந்தது உண்மை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையோ மிகப் பெரிது.

அடுத்து, ஈ தங்கும் நிழலை அழிப்பதற்காகப் புதர்களையும் மரங்களையும் மைல் கணக்கில் வெட்டினர். வெட்டிய நிலத்தில் உடனே குடியேறிப் பயிர் செய்த இடங்களில் பலன் நிலைத்தது. வெறுமனே விட்ட இடங்களில் புதர் தழைத்தது, ஈயும் திரும்பியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., டீல்டிரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் வந்தன. சூலுலாந்தில் விமானத்தின் மூலம் மருந்து தெளித்து ஒருவகைச் செட்ஸி ஈ ஒழிக்கப்பட்டது. ஆனால் இந்த மருந்துகள் மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கிப் பறவைகளையும் மீன்களையும் பாதித்தன. பிற்காலத்தில் போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ சதுப்பு நிலத்தில் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவு டெல்டாமெத்ரின் மருந்தை விமானத்திலிருந்து பனி போல் தெளித்து ஈயை ஒழித்தனர். ஆயினும் விமானம் ஏழை நாட்டுக் குடியானவரின் கைக்கு எட்டும் கருவி அல்லவே!

முதுகில் பசைத் துணி

குடியானவர் கைக்கு எட்டும் வழிக்கு அடையாளம் வெகு முன்பே கிடைத்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் உள்ள பிரின்சிபே தீவு அப்போது போர்ச்சுகீசியர் வசம் இருந்தது. அங்குள்ள கொக்கோ தோட்டங்களில் தூக்க நோய் பரவியது. சுமார் 1910-இல் அங்கே ஒரு யோசனை செய்தனர். கறுப்புத் துணியில் பசை தடவி, வேலையாட்களின் முதுகில் கட்டிவிட்டனர். நடமாடும் கறுப்பு உருவத்தைத் தேடி வந்த ஈக்கள் பசையில் ஒட்டிக்கொண்டன. புதர் வெட்டுதல், காட்டுப்பன்றிகளை ஒழித்தல் ஆகியவற்றோடு சேர்ந்து இது பலன் தந்தது. 1914-இல் தீவில் ஈ இல்லாமற் போயிற்று.

ஆனால் 1956-இல் அந்த ஈ மீண்டும் அங்கே காணப்பட்டது. விரைந்து வேலை செய்து 1958-இல் மறுபடி ஒழித்தனர். ஒழித்த பிறகும் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இது சான்று.

மணத்தைத் தேடி வரும் ஈ

1970-களில் சாம்பெசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிளின் வேல் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கேள்வி கேட்டனர். ஈ மாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவர்கள் எருதுகளைப் பூமிக்கு அடியில் ஓர் அறையில் கட்டி, விசிறியின் மூலம் அறையின் காற்றை மட்டும் வெளியே விட்டனர். எருது கண்ணில் படவில்லை. இருந்தும் காற்று வரும் துளையைத் தேடி ஈக்கள் மொய்த்தன. மாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஈக்களும் கூடின. ஈ தொலைவிலிருந்து மூக்கால் வருகிறது. அருகில் வந்ததும் கண்ணால் தேடுகிறது என்பது தெளிவாயிற்று.

மாட்டின் மூச்சில் உள்ள கரியமில வாயு, அசிட்டோன், ஆக்டெனால் ஆகியவையும், மாட்டு மூத்திரத்தில் உள்ள பீனால் வகைப் பொருட்களும் ஈயைக் கவர்வன என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறிந்தனர். நீல நிறம் ஈயை அருகே அழைக்கிறது. கறுப்பு நிறம் அதை அமரச் செய்கிறது என்பதும் தெரிந்தது.

இவற்றைச் சேர்த்து உருவானதே 'மருந்துத் திரை'. ஒரு சட்டத்தில் துணியைக் கட்டி, அதில் டெல்டாமெத்ரின் மருந்தைத் தோய்த்து, அருகில் அசிட்டோன் பாட்டிலை வைத்துவிட வேண்டியதுதான். மாடு என்று நம்பி வந்து மோதும் ஈ மடியும். மருந்து துணியில் மட்டும் இருப்பதால் மண்ணும் நீரும் கெடுவதில்லை. 1980-களில் ஜிம்பாப்வேயில் சதுர கிலோ மீட்டருக்கு நான்கு திரைகள் என்ற கணக்கில் நட்டனர். பெரும் பரப்பில் ஈ மறைந்தது.

நூற்றுக்கு நான்கு

அவ்வளவு பெரிய காட்டில் சதுர கிலோ மீட்டருக்கு நான்கு துணிகள் எப்படிப் போதும்? இங்கேதான் ஈயின் மெதுவான பெருக்கம் கை கொடுக்கிறது. நூறு பெண் ஈக்களில் நாள் ஒன்றுக்கு நான்கைக் கூடுதலாகக் கொன்றால் போதும். ஆனால் நாள் தவறாமல் கொல்ல வேண்டும்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இயற்கையில் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு மூன்று ஈக்கள் இறப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று வெளிவந்த 100 ஈக்களில் 20 நாட்களுக்குப் பின் 54 உயிரோடிருக்கும். திரைகளால் மேலும் நான்கு சேர்ந்து நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு ஏழு இறந்தால், 20 நாட்களுக்குப் பின் மிஞ்சுவது 23 மட்டுமே. முதல் புழுவை ஈனவும் ஏறக்குறைய 20 நாள் வேண்டும். தூக்க நோய் ஒட்டுண்ணி ஈயின் உடலில் முதிரவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் வேண்டும் என்று மேலே கண்டோம். ஆகவே ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஈயின் வம்சமும் குறைகிறது. நோய் பரப்பும் வயதை எட்டும் ஈயும் அரிதாகிறது.

கென்யாவில் இந்த முறை கிராமத்தார் கைக்கே வந்தது. தலைநகர் நைரோபியில் 1970-இல் தாமஸ் ஒடியாம்போ என்ற ஆப்பிரிக்க விஞ்ஞானி பூச்சியியல் ஆராய்ச்சிக்கென ஒரு சர்வதேச நிலையத்தை நிறுவினார். அதன் விஞ்ஞானிகள் 1980-களில் நுகுருமன் என்ற இடத்தில் மாசாய் இன மக்களுடன் சேர்ந்து, நீலத் துணியும் கறுப்புத் துணியும் கொண்டு உள்ளூரிலேயே தைக்கக்கூடிய பொறியை உருவாக்கினர். மணத்திற்கு அசிட்டோனுடன் வைத்தது அவர்களுடைய மாடுகளின் மூத்திரம்! பொறி வைத்த பகுதியில் ஈ வெகுவாகக் குறைந்தது. ஆனால் சுற்றுக் காட்டிலிருந்து புதிய ஈக்கள் வந்தவண்ணம் இருந்தன. பொறிகளைத் தொடர்ந்து பராமரித்தால்தான் பலன் நிலைக்கும் என்பது அங்கும் தெரிந்தது.

அண்மை ஆண்டுகளில் ஆற்றங்கரை ஈக்களுக்கு, ஒரு சாண் அகலமுள்ள நீலத் துணியும் அதே அளவு மருந்து தோய்த்த கறுப்பு வலையும் சேர்த்த சிறு திரையே போதும் என்று கண்டனர். உகாண்டா, காங்கோ முதலிய நாடுகளில் தூக்க நோய்ப் பகுதிகளில் இவை ஆற்றோரம் நடப்படுகின்றன.

மலட்டு ஆண் ஈக்கள்

பெண் ஈ பெரும்பாலும் ஒரே முறை சேரும் என்ற பழக்கத்தையும் விஞ்ஞானிகள் பயன்படுத்தினர். அமெரிக்காவின் எட்வர்ட் நிப்லிங், மாடுகளின் புண்ணில் புழு வைக்கும் ஒருவகை ஈயை ஒழிக்க வகுத்த முறை இது. ஈக்களைக் கூண்டில் வளர்த்து, காமா கதிரால் ஆண் ஈக்களை மலடாக்கிக் காட்டில் விடுவது. மலட்டு ஆணுடன் சேர்ந்த பெண்ணுக்கு வம்சம் இல்லை.

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரின் உங்குஜா தீவில் இது செட்ஸி ஈக்குச் செய்யப்பட்டது. தீவின் பரப்பு சுமார் 1,600 சதுர கிலோ மீட்டர். முதலில் மாடுகளுக்கு மருந்து பூசியும் திரை நட்டும் ஈயின் எண்ணிக்கையைக் குறைத்தனர். பிறகு 1994 முதல், தாங்கா என்ற ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டு இரத்தம் ஊட்டி வளர்த்த மலட்டு ஆண் ஈக்களை விமானத்திலிருந்து விட்டனர். மொத்தம் 80 லட்சத்திற்கும் மேல் விடப்பட்டன. 1996 செப்டம்பருக்குப் பின் ஒரு காட்டு ஈ கூட பொறியில் விழவில்லை. 1997-இல் தீவு செட்ஸி அற்றதாக அறிவிக்கப்பட்டது. கலப்பினக் கறவை மாடுகளை வளர்க்க அங்குள்ள குடியானவர்களுக்கு வழி பிறந்தது.

இதன் வெற்றிக்கு ஒரு காரணம் சுற்றிலும் கடல் இருந்தது. மெதுவாகப் பெருகும் ஈயைக் கூண்டில் வளர்ப்பதும் மெதுவான, செலவு மிக்க வேலையே. ஆகவே எல்லா இடத்திற்கும் இது ஏற்றதல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், பிற ஈக் கூட்டங்களோடு தொடர்பின்றித் தனித்திருந்த நியாயே பகுதியைத் தேர்ந்து, 2012 முதல் இம்முறையைக் கையாண்டனர்.

கால்களுக்கு மட்டும் மருந்து

மாட்டையே நடமாடும் திரையாக்குவது மற்றொரு வழி. மாட்டின் மேல் மருந்து தெளித்தால், கடிக்க வரும் ஈ மடியும். ஆனால் உடல் முழுவதும் தெளித்தால் செலவு அதிகம். ஈக்கள் எங்கே அமருகின்றன என்று கவனித்தபோது, பெரும்பாலானவை கால்களிலும் அடிவயிற்றிலும் அமர்வது தெரிந்தது. கன்றுகளைவிடப் பெரிய மாடுகளையே அவை அதிகம் நாடின. எனவே பெரிய மாடுகளுக்கு மட்டும், கால்களிலும் அடிவயிற்றிலும் மட்டும் தெளித்தாலே போதும் என்று கண்டனர். மருந்துச் செலவு பெரிதும் குறைந்தது. சாணத்தைக் கிளறி மண்ணில் சேர்க்கும் வண்டுகளுக்கும் கெடுதல் குறைந்தது.

நைரோபி நிலையத்தார் இன்னொன்றையும் கவனித்தனர். 'வாட்டர்பக்' என்னும் மான் இனம் செட்ஸி ஈ நிறைந்த காட்டில் வாழ்ந்தும் ஈ அதை அதிகம் கடிப்பதில்லை. அதன் உடல் மணமே ஈயை விரட்டுகிறது. அந்த மணப்பொருட்களைச் சிறு புட்டியில் அடைத்து மாட்டின் கழுத்தில் கட்டும் முறையை அவர்கள் உருவாக்கியுள்ளனர்.

மேற்கு ஆப்பிரிக்காவின் 'நிடாமா' என்ற நாட்டு இன மாடு, ஒட்டுண்ணி உடலில் இருந்தும் நோயைத் தாங்கி நிற்கும் ஆற்றல் கொண்டது. அது உருவில் சிறியது, பாலும் குறைவு. ஆனால் கலப்பின மாடு நிற்க முடியாத இடத்தில் அது நின்று கன்று ஈனுகிறது. நாட்டு இனங்களைக் காக்க வேண்டியதன் காரணத்தை இது உணர்த்துகிறது.

இத்தனை முயற்சியின் பலன் கண்கூடு. உலகில் 1998-இல் ஏறக்குறைய 40,000 பேருக்குத் தூக்க நோய் பதிவானது. 2009-இல் அது 10,000-க்குக் கீழே வந்தது. 2018-இல் ஆயிரத்திற்கும் கீழே இறங்கியது. நோயாளிகளைத் தேடிச் சென்று இரத்தம் சோதித்து மருந்து கொடுத்ததும், ஈயைக் குறைத்ததும் சேர்ந்து செய்த வேலை இது. மாடுகளின் நகானா மட்டும் இன்னும் பெரும் பரப்பில் நீடிக்கிறது.

நம் நாட்டுச் சர்ரா

செட்ஸி ஈ நம் நாட்டில் இல்லை. ஆனால் எவான்ஸ் கண்ட சர்ரா நோய் இங்கு உண்டு. அதன் ஒட்டுண்ணி செட்ஸி ஈயின் உடலில் வளர வேண்டிய தேவையையே விட்டுவிட்ட வகை. மாட்டைச் சுரீரெனக் கடிக்கும், பெரிய கண்களை உடைய குதிரை ஈ இதைப் பரப்புகிறது. நோயுற்ற மாட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வாலால் விரட்டப்பட்ட ஈ, பக்கத்து மாட்டில் அமர்ந்து மீதி இரத்தத்தைக் குடிக்கிறது. வாயில் ஒட்டிய இரத்தத்தோடு நோயும் போய்ச் சேருகிறது. மாடு, எருமை, குதிரை, ஒட்டகம், நாய் ஆகியவற்றை இது தாக்கும். மழைக்காலத்தை ஒட்டி ஈ பெருகும்போது நோயும் அதிகரிக்கும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. விட்டு விட்டு வரும் காய்ச்சல், இளைப்பு, பால் குறைதல், கண்ணில் நீர் வடிதல், வட்டமிட்டுச் சுற்றுதல் ஆகிய அறிகுறிகள் தெரிந்தால் உடனே கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இரத்தம் எடுத்துச் சோதித்தால் ஒட்டுண்ணி எளிதில் தெரியும். தக்க காலத்தில் ஊசி போட்டால் மாடு பிழைக்கும்.

2. நோயுற்ற மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து நன்றாகத் தள்ளிக் கட்ட வேண்டும். பாதியில் விரட்டப்பட்ட ஈ நெடுந்தூரம் செல்லாது. அருகிலுள்ள மாட்டையே தேடும்.

3. குதிரை ஈ குளம், குட்டைகளின் ஈரச் சேற்றில் பெருகும். தொழுவத்தைச் சுற்றிச் சேறு, கழிவுநீர் தேங்கவிடக் கூடாது. ஈ தொல்லை மிகுந்த வேளையில் தொழுவத்தருகே புகை மூட்டம் போடலாம். வசதி உள்ளோர் வலை கட்டலாம்.

4. சந்தையிலிருந்து வாங்கிய மாட்டைச் சில நாட்கள் தனியே கட்டி, இரத்தம் சோதித்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.

5. இறந்த பிராணியின் பச்சை இறைச்சியை நாய்களுக்குப் போடக் கூடாது. அதன் மூலம் நாய்களுக்கும் நோய் தொற்றும்.

6. பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தை எக்காரணம் கொண்டும் மாட்டின் மேல் தெளிக்கக் கூடாது. கால்நடைக்கென்று உள்ள மருந்தை, டாக்டர் சொல்லும் அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

துப்பாக்கியும் கோடரியும் விமானமும் கொண்டு தாக்கியபோது செட்ஸி ஈ பின்வாங்கியது. அசந்த இடத்தில் மீண்டும் வந்தது. அது எப்படி ஈனுகிறது, எதன் மணத்தை நாடுகிறது, எங்கே அமருகிறது என்று பொறுமையாகக் கற்ற பிறகு, ஒரு முழத் துணியும் மாட்டு மூத்திரமும் அதை அடக்கப் போதுமானவை ஆயின. ஆனால் ஒருவர் மட்டும் திரை நட்டுப் பயனில்லை. பக்கத்துக் காட்டு ஈ வந்துவிடும். ஊர் கூடித் தேர் இழுப்பது போல், அண்டை அயலார் அனைவரும் ஒரே காலத்தில் செய்ய வேண்டும். செய்வதை விடாமல் செய்ய வேண்டும். மாட்டுத் தொழுவத்து ஈக்கும், வயலில் எலிக்கும், தென்னையில் காண்டாமிருக வண்டுக்கும் இதே விதிதான் பொருந்தும்.